கொரிய அரசவைச் சமையலை வீட்டில் செய்தவர்களின் அனுபவங்கள்

தென் கொரியாவின் சுவோன் நகரிலிருந்து:

கொரிய அரசவைச் சமையல் என்றதும் பலர் ‘சுரா’ எனப்படும் ராஜபோஜனத்தை, அதாவது பன்னிரண்டு தொடுகறிகளோடு விரிக்கப்படும் மேசையை நினைத்துக்கொண்டு மலைத்துப் போகிறார்கள். அந்த மேசையை மறந்துவிடுங்கள். ஒரே ஒரு பதார்த்தத்தை எடுத்து முறையாகச் செய்யுங்கள் என்பதுதான் இந்தச் சமையலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது. அந்த ஒன்று குஜோல்பானாக இருந்தால் மிகவும் நல்லது.

எட்டு மூலைத் தட்டில் சுற்றிலும் எட்டு வகைப் பொரியல்கள், நடுவில் மெல்லிய மைதா அடைகள். மாட்டிறைச்சி, ஷிடாக்கே காளான், பாறையில் வளரும் கருங்காளான், வெள்ளரிக்காய், கேரட், முளைப்பயறு, முட்டையின் மஞ்சள், முட்டையின் வெள்ளை என்பது வழக்கமான வரிசை. பச்சை, சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று ஐந்து நிறங்களும் தட்டில் வந்துவிடும். பட்டியலில் விலை உயர்ந்த பொருள் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. வேலைதான் அதிகம். எட்டையும் ஒரே கனத்தில், தீக்குச்சியைவிட மெல்லியதாக அரிய வேண்டும். எட்டுக்கும் தனித்தனியாக உப்பும் எண்ணெயும் சேர்த்துத் தனித்தனியாக வதக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வாணலியில் கொட்டிக் கிளறினால் வயிறு நிறையும், ஆனால் அது வேறு உணவு. ஒவ்வொரு பொருளும் தன் சுவையோடு நாக்கில் படவேண்டும் என்பதே இந்தச் சமையலின் உயிர்.

இதை எனக்குக் கற்றுத் தந்தவர் எங்கள் குடியிருப்பில் வசிக்கும் ஒரு கொரியப் பாட்டி. அவர் வெள்ளரிக்காய் அரியும் விதத்தை இன்னும் வியந்துகொண்டிருக்கிறேன். காயை விரல் நீளத் துண்டுகளாக வெட்டிக்கொள்கிறார். பிறகு ஒரு துண்டை இடக்கையில் மெதுவாகச் சுழற்றியபடி, கத்தியை அதன் தோலோரமாக நுழைத்து, உள்ளே விதைப்பகுதி வரும்வரை ஒரே நீண்ட பட்டையாக உரித்துக்கொண்டே போகிறார். விதைப்பகுதி தனியே நின்றுவிடுகிறது. அந்தப் பட்டையை மடித்து மெல்லிய இழைகளாக அரிந்து, உப்புத் தூவி, நீரைப் பிழிந்து, சூடான கல்லில் ஒரு புரட்டுப் புரட்டி, உடனே அகலத் தட்டில் பரப்பி விசிறுகிறார். விசிறாமல் குவித்து வைத்தால் அந்தச் சூட்டிலேயே பச்சை நிறம் மங்கிவிடும்.

வதக்கும் வரிசையும் அவரிடம் கற்றதுதான். முதலில் முட்டையின் வெள்ளை, அடுத்து மஞ்சள், பிறகு முளைப்பயறு, வெள்ளரி, கேரட், காளான்கள், கடைசியில் இறைச்சி. வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போவதால் நடுவில் வாணலியைக் கழுவ வேண்டியதில்லை. அடைகளுக்குக் கரைத்த மாவை வடிகட்டிச் சற்று நேரம் வைத்திருந்து, எண்ணெய் தொட்ட துணியால் கல்லைத் துடைத்துவிட்டுச் சிறுதீயில் உள்ளங்கை அகலத்துக்கு ஊற்றுங்கள். தோசைபோல் முறுகக் கூடாது, ஒரு புள்ளிகூடச் சிவக்கக் கூடாது. ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க இடையிடையே ஒரு பைன் கொட்டையை வைத்து அடுக்குவார்கள்.

இந்தக் கைப்பக்குவம் நம் காலம்வரை வந்து சேர்ந்த கதையையும் சொல்ல வேண்டும். கொரியாவை ஆண்ட ஜோசன் வம்சத்து அரண்மனையின் சமையற்கட்டில் சிறுமியாகச் சேர்ந்து, கடைசி அரசர்கள் காலம்வரை பணியாற்றிய ஹான் ஹி-சுன் என்ற பணிப்பெண்ணின் நினைவில் இருந்தது அது. கல்லூரி ஆசிரியையான ஹுவாங் ஹை-சாங் பல ஆண்டுகள் அவரோடு இருந்து, கையளவாகவும் கண்ணளவாகவும் இருந்ததையெல்லாம் அளவு குறித்து எழுதினார். 1971இல் கொரிய அரசு இதைத் தேசியப் பண்பாட்டு மரபாக அறிவித்து, ஹான் ஹி-சுன்னை அதன் முதல் காப்பாளராக ஏற்றது. அடுத்த ஆண்டே அவர் காலமானார். ஹுவாங் எழுதி வைத்திராவிட்டால் இன்று நாம் வீட்டில் செய்து பார்ப்பதில் எவ்வளவு மிஞ்சியிருக்கும்? எழுதாமல் போய்ச் சேர்ந்த எத்தனையோ சமையற்காரர்களை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

நான் வசிக்கும் சுவோனுக்கும் இதில் பங்கு உண்டு. 1795இல் மன்னர் ஜோங்ஜோ தன் தாயின் அறுபதாண்டு நிறைவைக் கொண்டாட அவரை இங்கே அழைத்து வந்தார். வழியிலும் இங்கும் பரிமாறப்பட்டவை வேளைவாரியாகப் பதிவாகியிருக்கின்றன. அதில் தாய்க்கு வைத்த மேசை பெரியது, மன்னருடையது சிறியது. அரசவை உணவென்றால் ஆடம்பரம் என்று சொல்பவர்களுக்கு நான் எப்போதும் இதைத்தான் எடுத்துக்காட்டுவேன்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

தென் கொரியாவின் தேஜோன் நகரிலிருந்து:

அக்கா, நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. நான் இங்கே ஆராய்ச்சி மாணவன். விடுதியில் ஒற்றை அடுப்புதான். குஜோல்பானுக்கு இடமே இல்லை. அதனால் நான் எடுத்துக்கொண்டது தராக்ஜுக் என்ற பால் கஞ்சி. அரண்மனையில் இதைக் காய்ச்சியது சமையற்கட்டு இல்லை, அரச மருத்துவமனை. பால் அவ்வளவு அரிதாக இருந்த காலம். குளிர்மாதங்களில் உடலுக்குத் தெம்பு தரும் மருந்தாக இதை மன்னருக்குக் கொடுத்தார்கள்.

ஊறவைத்த அரிசியைத் தண்ணீர் விட்டு மைபோல் அரைத்து, சல்லடையில் வடித்துக்கொள்வேன். முதலில் அரிசிக் கரைசலைத் தண்ணீரில் மட்டும் வேகவிட வேண்டும். அது பளபளவென்று கெட்டியான பிறகு பாலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, சிறுதீயில் மரக்கரண்டியால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பாலை முதலிலேயே ஊற்றினால் அரிசி வேகுமுன் அடிபிடிக்கும். உப்பைக் கடைசியில், சாப்பிடும்போதுதான் போட வேண்டும். முன்பே போட்டால் கஞ்சி நீர்த்துப்போகும் என்று இங்குள்ளவர்கள் சொல்கிறார்கள்.

ஆய்வகத்தில் ஒரு கொரிய நண்பர் காய்ச்சலோடு வந்திருந்தார். இதைக் காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தராக்ஜுக் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறாராம், சாப்பிட்டதே இல்லையாம். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, உடனே தன் அம்மாவுக்குத் தொலைபேசியில் அழைத்துச் செய்முறையைச் சொன்னார். என் வாயிலிருந்து கேட்டதை அவர் கொரிய மொழியில் தன் அம்மாவுக்கு ஒப்பித்துக்கொண்டிருந்ததைப் பார்க்க எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

சென்னையிலிருந்து:

வணக்கம் அம்மா. கார் தொழிற்சாலை வேலைக்காக இங்கே வந்து தங்கியிருக்கும் ஒரு கொரியக் குடும்பத்துக்குச் சமைக்கிறேன். அந்த வீட்டு அம்மாவின் பிறந்தநாளுக்கு அவருடைய கணவர் தாங்பியோங்சே கேட்டார். பாசிப்பயறு மாவுச்சத்தில் செய்த வெள்ளைக் கூழ்க்கட்டியை நீளநீளமாக வெட்டி, இறைச்சி, கீரைத்தண்டு, முட்டை, கடற்பாசித் தாள் எல்லாம் சேர்த்துக் கலப்பது. மன்னர் யோங்ஜோ காலத்தில் சண்டையிட்டுக்கொண்ட கட்சிகளையெல்லாம் ஒன்றாக அரவணைக்கும் கொள்கையோடு சேர்த்து இதன் கதையைச் சொல்வார்கள் என்று அவர் விளக்கினார்.

மாவுச்சத்து கிடைக்கவில்லை. நம் வீட்டு வழியிலேயே எடுத்தேன். பாசிப்பருப்பை இரவு முழுக்க ஊறவைத்து, கிரைண்டரில் அரைத்து, துணியில் பிழிந்து, அந்தப் பாலை அசைக்காமல் வைத்தால் அடியில் வெள்ளையாகப் படிகிறது. மேல் தண்ணீரை வடித்துக் காயவைத்தால் அதுவே சத்து. ஒரு கிண்ணம் சத்துக்கு ஆறு கிண்ணம் தண்ணீர். கிளறக் கிளற வெள்ளை மறைந்து கண்ணாடி மாதிரி ஆனதும் உப்பும் கொஞ்சம் எண்ணெயும் விட்டு, பாத்திரத்தில் ஊற்றி ஆறவிட்டேன். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மறுபடி வெளுத்து இறுகிவிடுகிறது. அப்போது கொதிநீரில் ஒரு முக்கு முக்கி எடுத்தால் பழையபடி தெளிவாகிறது. இறைச்சி உண்ணாத விருந்தினர் ஒருவருக்குக் காளானை மட்டும் போட்டுத் தனியாகக் கலந்து வைத்தேன்.

எனக்கு இரண்டு கேள்விகள். நம் செக்கு நல்லெண்ணெயை இதில் ஊற்றலாமா? குஜோல்பானுக்குத் தொட்டுக்கொள்ளும் கடுகுக் குழம்பை எப்படிக் காரமாக்குவது?

சுவோனிலிருந்து:

தம்பி, பாசிப்பருப்பிலிருந்து நீங்களே சத்து எடுத்தீர்கள் என்பதைப் படித்ததும் பாட்டியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவருடைய அம்மா அப்படித்தான் எடுப்பாராம்.

நல்லெண்ணெய் வேண்டாம். கொரியாவில் எள்ளை நன்றாக வறுத்த பிறகுதான் பிழிவார்கள், மணமே அந்த வறுவலில்தான் இருக்கிறது. நம்முடையது வறுக்காத எள். கொரிய எண்ணெய் கைவசம் இல்லாத அன்று, எள்ளைப் பொன்னிறமாக வறுத்துப் பொடித்து நல்லெண்ணெயோடு சேர்த்துக்கொள்ளுங்கள். வதக்குவதற்கு மட்டும் நல்லெண்ணெய் என்றால் தடையில்லை.

கடுகுக்கு வெதுவெதுப்பான தண்ணீர்தான் சரி, கொதிநீர் ஊற்றினால் காரம் எழும்பாது. மஞ்சள் கடுகுப் பொடியைக் கெட்டியாகக் குழைத்து, கிண்ணத்தின் உட்புறம் முழுக்கத் தடவி, சோறு வேகும் பானையின் மூடிமேல் கவிழ்த்து வையுங்கள். பத்து நிமிடத்தில் மூக்கில் ஏறும். அதன் பிறகு வினிகர், சர்க்கரை, உப்பு, கொஞ்சம் பேரிக்காய்ச் சாறு விட்டுத் தளர்த்திக்கொள்ளலாம்.

தேஜோன் தம்பிக்கு: ஒற்றை அடுப்பு போதும் என்றால் அடுத்து, அரிசிமாவுக் கட்டிகளை வதக்கிச் செய்யும் அரசவை தொக்பொக்கியைச் செய்து பாருங்கள். கடைகளில் விற்கும் சிவப்பு வகைக்கு முன்பிருந்தே வந்தது, மிளகாய் விழுது கிடையாது. அரிசிக் கட்டிகளை நாலாகப் பிளந்து, வெந்நீரில் முக்கி எடுத்து, சூடு ஆறுமுன் சோயா சாஸிலும் எள்ளெண்ணெயிலும் புரட்டி வைத்துவிட்டு, அதன் பிறகே இறைச்சியையும் காளானையும் வதக்கத் தொடங்குங்கள். கட்டிக்குள் உப்பு இறங்க அந்த நேரம் தேவை.