‘கிளவுட் பாயின்ட்’: மேகப்புள்ளியா, கலங்குநிலையா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

கடுங்குளிரில் டீசலைச் சேமித்து வைப்பது பற்றிய கையேட்டில், குளிரக் குளிர டீசல் முதன்முதலாக மங்கத் தொடங்கும் வெப்ப அளவான ‘கிளவுட் பாயின்ட்’ என்பதை ‘மேகப்புள்ளி’ என்று எழுதலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. கொதிநிலை, உருகுநிலை, உறைநிலை என வெப்ப அளவுகளுக்கெல்லாம் ‘நிலை’ என்னும் ஈறு பள்ளிப் பாடநூலிலேயே வேரூன்றிவிட்டிருக்க, இதற்கு மட்டும் புள்ளி வைப்பானேன்?

‘கலங்குநிலை’ காதுக்கு இனிது. ஆனால் கிடங்கில் குழப்பும். குளிரில் டீசலில் கரைந்துள்ள பாரஃபின் மெழுகு நுண்படிகங்களாகப் பிரிந்தாலும் டீசல் கலங்குகிறது. தொட்டிக்குள் புகுந்த காற்றின் ஈரம் நீராகிக் கலந்தாலும் கலங்குகிறது. கண்ணாடிக் குடுவையில் இரண்டும் ஒரே மங்கல்தான். குடுவையைக் கதகதப்பான அறையில் வைத்துப் பார்த்தால், மெழுகு பெரும்பாலும் கரைந்து தெளிந்துவிடும்; நீரோ அடியில் முத்துமுத்தாகத் திரளும். முன்னதற்குக் குளிர்காலத் தர டீசல் வேண்டும். பின்னதற்குத் தொட்டியின் அடிநீரை வடித்தாக வேண்டும். இல்லையேல் அது உறைந்து குழாயை அடைப்பதோடு, வெயில் திரும்பியதும் நீரும் டீசலும் தொடும் பரப்பில் பூஞ்சை வளர்ந்து வடிகட்டியில் சளிபோல் அப்பிக்கொள்ளும்.

ஆகவே ‘மெழுகரும்புநிலை’ என்று முன்மொழிகிறேன். மார்கழி விடியலில் தேங்காயெண்ணெய்ப் புட்டிக்குள் முதல் வெள்ளை இழை தோன்றுவதைப் பார்த்தவர்களுக்கு ‘அரும்புதல்’ விளங்கும். வெறும் ‘அரும்புநிலை’ என்றால் தாவரவியலார் சண்டைக்கு வருவார்கள்.

எண்ணெய் வழிந்தோடக்கூடிய மிகக் குறைந்த வெப்ப அளவான ‘போர் பாயின்ட்’டுக்கு (pour point) ‘வழிநிலை’ போதும். சோதனைக் குடுவையைச் சாய்த்து, எண்ணெய் அசைகிறதா என்றுதான் அங்கே பார்க்கிறார்கள். வடிகட்டி அடைபடும் வெப்ப அளவுக்கு ‘அடைபடுநிலை’ எனலாம். 45 மைக்ரான் கம்பி வலை வழியே 20 மில்லிலிட்டர் டீசலை 60 நொடிக்குள் உறிஞ்ச முடிகிறதா என்பதே அதன் சோதனை. இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. லடாக்குக்கென 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் அறிமுகப்படுத்திய டீசலின் வழிநிலை மைனஸ் 33 டிகிரி செல்சியஸ். அதைப் படித்துவிட்டு, அந்தக் குளிர் வரைக்கும் வண்டி ஓடும் என்று ஓட்டுநர் நம்பினால் பிழை, ஏனெனில் பொதுவாக டீசல் வழியும் தன்மையை இழப்பதற்கு முன்னரே வடிகட்டி அடைத்துக்கொள்கிறது.

எனவே கையேட்டின் அட்டவணையில் மெழுகரும்புநிலை, அடைபடுநிலை, வழிநிலை என்ற வரிசையிலேயே இவற்றைத் தரலாம். குளிர் ஏற ஏற டீசல் படும் பாடும் அதே வரிசையில்தான் நிகழ்கிறது. ‘அடிநீர்’ என்பதையும் தனிக் கலைச்சொல்லாகச் சேர்க்க வேண்டுகிறேன்.