என் பாட்டுக்கே உரிமைகோரல்: மேல்முறையீடு செய்யலாமா?

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். சொந்தமாகப் பாட்டெழுதி, மெட்டுப்போட்டுப் பாடுகிறேன். வார இறுதியில் புதுச்சேரி கஃபேக்களில் பாடுவதும் கல்யாணக் கச்சேரிகளும்தான் வருமானம். யூடியூபில் நன்றாக ஓடும் என் ஒரே பாட்டின் விளம்பரப் பணம் இப்போது வேறொருவருக்குப் போகிறது.

2023-ல், ஸ்பாட்டிஃபை, யூடியூப் போன்ற தளங்களுக்குப் பாட்டைக் கொண்டுசேர்க்கும் ஒரு விநியோக நிறுவனம் மூலம் அதை வெளியிட்டேன். போன வருடம் அவர்களை விட்டு வேறு நிறுவனத்துக்கு மாறினேன். அதே ஐ.எஸ்.ஆர்.சி. எண்தான் (ஒலிப்பதிவின் அடையாள எண்), ஸ்பாட்டிஃபையில் எல்லாம் சரியாக வந்துவிட்டது. ஆனால் பழையவர்கள் கன்டென்ட் ஐடியிலிருந்து (பதிவான பாட்டு எந்த வீடியோவில் வந்தாலும் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூப் அமைப்பு) பாட்டை எடுக்கவில்லை. பொங்கலுக்கு நான் போட்ட பாடல்வரி வீடியோ மீது அவர்கள் பெயரில் உரிமைகோரல் விழுந்தது.

யூடியூபில் ஆட்சேபணை போட்டேன். பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள் அவகாசம். அது முடியும் தறுவாயில் காரணம் சொல்லாமல் நிராகரித்தார்கள். மெயில் அனுப்பினால் "பரிசீலனையில் உள்ளது" என்ற அதே தானியங்கி பதில். புது நிறுவனமோ, பழையவர்கள்தான் விடுவிக்க வேண்டும் என்கிறது.

ஒப்பந்தம் முடிந்ததற்கான மெயில், லாஸ்பேட்டை ஸ்டுடியோ ரசீது, தவில் முதல் குரல் வரை தனித்தனி டிராக்குகள் எல்லாம் கையில் உள்ளன. விலைக்கு வாங்கிய லூப் (தயார்நிலை இசைத்துணுக்கு) எதுவும் இல்லை, முழுக்க நாங்கள் வாசித்தது.

அடுத்தது மேல்முறையீடுதான். அதை ஏற்காமல் அவர்கள் என் வீடியோவை நீக்கக் கோரினால் சேனலுக்கு ஸ்ட்ரைக் (பதிப்புரிமை மீறலுக்கான தண்டனைக் குறி) விழலாம். பல வருட உழைப்பு அந்தச் சேனல்.

இதில் அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்: நேராக மேல்முறையீடு செய்யலாமா, முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டுமா?