பார்சல் நாடு தாண்டும்போது வரும் அந்த மௌனம்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அம்மாவின் பழைய படங்கள் எல்லாம் வெளிநாட்டில் இருக்கும் அண்ணனிடம்தான் இருந்தன. எல்லாம் அச்சுப் படங்கள், பிரதி எதுவும் கிடையாது. அவற்றை ஒரு பெட்டியில் அடுக்கிப் பதிவுத் தபாலில் எனக்கு அனுப்பினார். ரசீதில் இருந்த எண்ணைத் தபால் துறைத் தளத்தில் போட்டு, பெட்டி எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நாள் ஒழுங்காக நகர்ந்தது. நான்காம் நாள் ‘பரிமாற்ற அலுவலகத்திலிருந்து (வெளிநாட்டுத் தபாலைக் கையாளும் அலுவலகம்) புறப்பட்டது’ என்று வந்தது. அதற்கப்புறம் பதினேழு நாள் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ராத்திரி தூக்கம் கலைந்தாலும் போனை எடுத்து அதையே பார்ப்பேன். தொலைந்துவிட்டது என்று ஒருநாள் அண்ணன் போனிலேயே அழுதுவிட்டார்.

நான் அத்தனை நாளும் பார்த்தது அவர் நாட்டுத் தபால் துறையின் தளத்தை மட்டும்தான். பதினேழாம் நாள்தான் அதே எண்ணை நம் தபால் துறையின் தளத்தில் போட்டுப் பார்க்கத் தோன்றியது. வந்து சேர்ந்தது, சுங்கம் முடிந்தது, வீட்டுக்குக் கொண்டுபோனபோது ஆள் இல்லை என்று வரிசையாக இருந்தது! பெட்டி ஐந்து நாளாகப் பட்டுவாடா அலுவலகத்தில் காத்திருந்திருக்கிறது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள். ஒரு மூலை நசுங்கியிருந்தது, படங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இரண்டு துறைகளும் தங்களுக்குள் தகவல் அனுப்பிக்கொள்கின்றன. ஆனால் ஒருவர் அனுப்புவதையெல்லாம் மற்றவர் தளம் காட்டும் என்று நம்பக் கூடாது. அனுப்பிய நாடு, பெறும் நாடு இரண்டிலும் பாருங்கள். உங்களுக்கு இப்படி நடந்ததுண்டா?

* * *

படங்கள் கிடைத்தது பெரிய நிம்மதி. என் கதை அந்த எண்ணைப் பற்றியது.

தோழி ஒருத்தி ரசீதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். எட்டாவது இலக்கத்தின் மேல் முத்திரை மை பட்டு, 3-ஆ 8-ஆ என்று தெரியவில்லை. அவளும் ரசீதைத் தொலைத்துவிட்டாள். அப்போதுதான் இந்த எண்ணின் அமைப்பைத் தேடிப் படித்தேன். உலக அஞ்சல் ஒன்றியம் வகுத்த எண்ணுக்கு மொத்தம் பதிமூன்று இடம். முதலில் சேவையைக் குறிக்கும் இரண்டு எழுத்து, பிறகு எட்டு இலக்கம், ஒன்பதாவதாக ஒரு சரிபார்ப்பு இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டின் இரண்டெழுத்து. முதல் எழுத்து ஆர் என்றால் பதிவுத் தபால், ஈ என்றால் விரைவுத் தபால், சி என்றால் பார்சல்.

அந்த ஒன்பதாவது இலக்கம்தான் என்னைக் காப்பாற்றியது. இலக்கங்களை மாற்றிச் சொல்கிறேன்: 6 1 8 0 4 2 7, அடுத்தது தெரியவில்லை, சரிபார்ப்பு இலக்கம் 6. எட்டு இலக்கங்களையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். தெரிந்த ஏழும் சேர்ந்து 171. கடைசி இலக்கம் 3 என்றால் இன்னும் 21, ஆக 192. பதினொன்றால் வகுத்தால் மீதி 5. அதைப் பதினொன்றிலிருந்து கழித்தால் 6, பொருந்திவிட்டது. 8 என்று வைத்தால் 4 வரும், பொருந்தாது. (மீதி 0 வந்தால் 5, 1 வந்தால் 0 என்று தனி விதி உண்டு.) 3 என்று போட்டேன், பார்சல் திரையில் வந்து நின்றது. பேப்பரில் பெருக்கிக் கண்டுபிடித்த அந்த நிமிடம் இன்னும் மறக்கவில்லை.

இன்னொன்று: கடைசியில் சி எச் என்று இருந்தால் சீனா இல்லை, சுவிட்சர்லாந்து. சீனாவுக்கு சி என். நானே இரண்டு நாள் தப்பான தளத்தில் தேடியிருக்கிறேன்.

* * *

பரிமாற்ற அலுவலகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் அந்தப் பதினேழு நாளைப் பற்றிச் சொல்கிறேன். ‘புறப்பட்டது’ என்றால் விமானம் ஏறிவிட்டது என்று பொருள் இல்லை. உங்கள் பார்சல் பையில் போய், பையைக் கட்டி, அதற்குத் தனி லேபிள் ஒட்டி அனுப்பிவிட்டோம், அவ்வளவுதான். அதன்பிறகு ஸ்கேன் ஆவது பை, உள்ளே இருக்கும் பார்சல் இல்லை. விமானத்தில் இடம் கிடைக்காமல் பை காத்திருக்கலாம். வழியில் மூன்றாவது நாடு ஒன்று வந்தால், மூடிய பையை அவர்கள் பிரிக்காமல் அப்படியே அடுத்த விமானத்துக்கு மாற்றுவார்கள். போய்ச் சேரும் நாட்டில் பையைப் பிரித்து ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்யும்போதுதான் உங்கள் எண் மறுபடி தெரியும். மௌனமாக இருந்தால் தொலைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

* * *

என்னுடையது தபால் எண்ணே இல்லை. ஒரு விற்பனையாளர் கொடுத்த நீளமான எண், கூரியர் தளத்தில் மட்டும் ஓடியது. ‘உள்ளூர் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது’ என்று வந்ததும் நின்றுவிட்டது. கேட்ட பிறகுதான் சொன்னார்கள், கடைசிக் கட்டத்துக்கு வேறு எண்ணாம். அதே பக்கத்தில் கீழே சின்ன எழுத்தில் இருந்திருக்கிறது. ‘தகவல் பெறப்பட்டது’ என்று மட்டும் இருந்தால் லேபிள் அச்சாகியிருக்கிறது, பெட்டி இன்னும் கைக்கு வரவில்லை என்று பொருள். அதையும் அப்போதுதான் புரிந்துகொண்டேன்.

* * *

எனக்கு வர வேண்டிய ஒரு பார்சல் உண்மையிலேயே காணாமல் போனது. இங்கே எத்தனை மனு கொடுத்தாலும் அனுப்பியவர்தான் அங்கே விசாரணை கேட்க வேண்டும் என்றார்கள். பொதுவாக அதுதான் நடைமுறை. பதிவுத் தபாலுக்கும் பார்சலுக்கும் அனுப்பிய மறுநாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் கேட்க வேண்டும். பார்சலை அனுப்பிய தோழர் அங்கே மனு கொடுத்த மூன்றாவது வாரம் கிடைத்துவிட்டது. மேலே ஒட்டிய லேபிள் பிய்ந்து போயிருந்தது. உள்ளே அவர் வைத்திருந்த முகவரிச் சீட்டை வைத்துத்தான் அது என்னுடையது என்று தெரிந்திருக்கிறது.

* * *

எல்லாருக்கும் நன்றி. படங்களைப் பிரதி எடுத்துவிட்டு அசலை அண்ணனுக்கே திருப்பி அனுப்பப் போகிறேன். பெட்டி மேஜை மேல் திறந்தபடி இருக்கிறது. முகவரியைச் சீட்டில் எழுதி உள்ளே வைத்துவிட்டுத்தான் டேப் ஒட்டுவேன்.