மகனுக்கு 18 முடிஞ்சுது, 160 சிசி பைக் கேக்கிறான் - லைசென்ஸ், இன்சூரன்ஸ் விசயம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

கோண்டாவிலான்:

எல்லாருக்கும் வணக்கம். மகன் ஏ.எல். (உயர்தர) சோதினை எழுதிப்போட்டு வீட்டில நிக்கிறான், போன மாசம் 18 முடிஞ்சுது, இப்ப ஒரே பிடியா பைக் வேணுமாம். நான் பிளாட்டினாவோ ஸ்பிளெண்டரோ ஒரு 100 சிசி எடுத்துத் தாறன் எண்டு சொன்னன், அவனுக்கு 150, 160க்குக் கீழ ஒண்டும் கண்ணில படேல்லை, கூட்டாளிமார் எல்லாம் பல்சர், ஜிக்சர் எண்டு ஓடுறாங்களாம். லண்டனில இருக்கிற மச்சான் பாதிக் காசு அனுப்புறன் எண்டவர், ஆனா அவரே சொல்லுறார் அங்க தன்ர மகனுக்கு 17 வயசில 125க்கு மேல தொட ஏலாது, சட்டமே விடாது எண்டு. அப்ப இஞ்ச அப்பிடி ஏதும் கட்டுப்பாடு இருக்கோ? வாகனம் ஓடப் பழக்கிற லேனர்ஸ்காரர் லைசென்ஸில ஏ1, ஏ எண்டு ரெண்டு வகை சொன்னவர், எது எடுத்தாலும் ஓடலாம் எண்ட மாதிரித்தான் கதைச்சார், எனக்கு விளங்கேல்லை.

மற்றது இன்சூரன்ஸ். பைக் என்ர பேரில எடுத்தா மகன் ஓடலாமோ, தேர்ட் பார்ட்டி காணுமோ இல்லாட்டி எங்கட பைக்கையும் சேர்த்துக் காக்கிற புல் இன்சூரன்ஸ் போடவேணுமோ. வீட்டுக்காரி பயந்துபோய் இருக்கிறா, எங்கட ஒழுங்கையில ரெண்டு பெடியள் வல்லை வெளியில விழுந்து ஒருத்தன் இப்பவும் கம்பி வைச்ச காலோட நடக்கிறான். அவனைத் தினமும் படலையால பாக்கிறபடியால அவவுக்குப் பைக் எண்ட கதையே வேண்டாம். எனக்கு மகனை மறிக்கவும் விருப்பமில்லை, கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக் குடுக்கவும் விருப்பமில்லை.

சுன்னாகம் பிட்டர்:

அண்ணை, எங்கட நாட்டில வயசுக்கு ஏத்த மாதிரிப் பவரைப் படிப்படியாக் கூட்டுற சட்டம் இல்லை. இருக்கிறது சிசி கணக்கு மட்டும்தான். ஏ1 எண்டா 100 சிசி வரைக்கும், ஏ எண்டா 100க்கு மேல. 18 முடிஞ்ச பிள்ளை நேர ஏ எடுத்தா 100ம் ஓடலாம் 200ம் ஓடலாம், இடையில ஒரு படியும் இல்லை. அதாலதான் அந்தப் படியை வீட்டில நாங்கள்தான் வைக்கவேண்டிக் கிடக்கு.

ஏ1 எடுத்தவன் 100க்கு மேல தொடக்கூடாது. இதில கனபேர் பிழை விடுறது ஸ்கூட்டியில. ஸ்கூட்டி பெப் 88 சிசி, அது ஏ1க்குள்ள வரும். டியோ 110 சிசிக்காரன், அது வராது! பாக்கச் சின்னதா இருக்கு, கியர் இல்லை, பொம்பிளைப் பிள்ளையளும் ஓடுதுகள் எண்டு நினைச்சு ஏ1ஓட ஓடித் திரியினம். சந்தேகம் எண்டா வாகனப் புத்தகத்தை விரிச்சு சிலிண்டர் கொள்ளளவு எண்ட கட்டத்தைப் பாருங்கோ, அதில இருக்கிற இலக்கம்தான் கதை, சைட் கவரில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் இல்லை.

பவரைப் பற்றி என்ர அபிப்பிராயம் சொல்லுறன். 100 சிசி ஒண்டில ஏறக்குறைய 8 ஹோர்ஸ் பவர், 150, 160 எண்டா 13, 14க்கு மேல. ஆனா என்ர கராச்சுக்கு வாற உடைஞ்ச பைக்குகளில என்ஜின் செய்த வேலையை விட பிரேக் பிடிக்கத் தெரியாததால வந்த வேலைதான் கூட. பெடியன் சைக்கிள் ஓடிப் பழகின பழக்கத்தில பின் பிரேக்கை மட்டும் மிதிப்பான், அங்கால மாடு குறுக்க வந்த உடன பயத்தில முன் டிஸ்க்கை ஒரே இறுக்கா இறுக்குவான், றோட்டு ஓரத்தில குறுமணல் கிடந்தா முன் ரயர் இழுத்துக்கொண்டு போகும். போன கிழமை வந்த ஒண்டு, முன் போர்க் ரெண்டும் உள்ளுக்கு மடிஞ்சு ரயர் என்ஜினில முட்டிக்கொண்டு நிக்குது, மீற்றருக்குள்ள மண். ஓடினவனுக்கு லைசென்ஸ் கிடைச்சு மூண்டு மாசம். 150 எடுக்கிறதெண்டா ஏபிஎஸ், அதாவது பிரேக் இறுக்கேக்க சில்லு இறுகி வழுக்காமப் பாக்கிற சாமான், உள்ளதைப் பாத்து எடுங்கோ, ஆயிரம் ரெண்டாயிரம் மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

முன்னாள் இன்சூரன்ஸ்காரன்:

கோண்டாவில் அண்ணை, நான் இந்தத் துறையில கனகாலம் கிளெய்ம் பக்கம் வேலை செய்தனான், வடிவா வாசியுங்கோ.

தேர்ட் பார்ட்டி எண்டது சட்டம் கட்டாயம் எண்டு சொல்லுற இன்சூரன்ஸ், அது இல்லாம பைக்குக்கு வருசாவருசம் எடுக்கிற வாகன வரிப்பத்திரமும் எடுக்கேலாது. ஆனா அது உங்கட மகன் ஆரையாவது அடிச்சா அந்த ஆளுக்குத்தான். மகன்ர கால் உடைஞ்சாலும் பைக் நொறுங்கினாலும் அதில ஒரு சதமும் வராது. "இன்சூரன்ஸ் இருக்குத்தானே" எண்டு சொல்லிக்கொண்டு வாற தாய் தேப்பனுக்கு இதை விளங்கப்படுத்திறதுதான் என்ர வேலையில எனக்குக் கஷ்டமான வேலை. 18 வயசுப் பிள்ளைக்குப் புல் இன்சூரன்ஸ் போடுங்கோ, அதோட ஓடுற ஆளுக்கான விபத்துக் காப்பும் சேர்க்கலாமோ எண்டு கேட்டுச் சேருங்கோ. லீசிங்கில எடுக்கிறதெண்டா அவங்களே புல் இன்சூரன்ஸ் இல்லாம விடமாட்டினம்.

உங்கட பேரில பைக் இருந்தா மகன் ஓடலாம். எங்கட பொலிசிகளில வழக்கமாச் சொந்தக்காரரின்ர அனுமதியோட, அந்த வகை வாகனத்துக்குச் செல்லுபடியான லைசென்ஸ் உள்ள ஆள் ஓடலாம் எண்டுதான் இருக்கும். அந்த "வகை" எண்ட சொல்லிலதான் எல்லாம் தங்கியிருக்கு. ஏ1 வைச்சுக்கொண்டு 150 ஓடினா லைசென்ஸ் இல்லாத கணக்குத்தான். அதோட எக்ஸஸ் எண்ட வரியையும் பாருங்கோ, கிளெய்மில முதல் இவ்வளவு ரூபா நீங்கள்தான் கட்டவேணும் எண்டது அது, வயசு குறைஞ்ச ஆள், புதுசா லைசென்ஸ் எடுத்த ஆள் ஓடினா அது கூடுமோ எண்டு கையெழுத்து வைக்கமுதல் கேளுங்கோ.

இன்னொண்டு, பழைய பைக் எடுக்கிறதெண்டா. 2020 மார்ச்சில வாகன இறக்குமதி நிப்பாட்டின பிறகு பாவிச்ச பைக்குகளின்ர விலை எங்கயோ போட்டுது, 2025இல திரும்ப விட்ட பிறகும் பழைய விலைக்கு வரேல்லை. ஆனா பிரீமியம், அதாவது இன்சூரன்ஸுக்குக் கட்டுற காசு, குறையட்டும் எண்டு ஆக்கள் பழைய பெறுமதிக்கே இன்சூர் பண்ணிக்கொண்டு வருகினம். 6 லட்சம் பெறுமதியான பைக்கை 3 லட்சத்துக்குப் போட்டு வைச்சா, 1 லட்சம் ரூபா திருத்த வேலை வந்தால் 50 ஆயிரம்தான் தரலாம், ஏனெண்டா பாதிக்குத்தான் நீங்கள் கட்டியிருக்கிறியள். ஓப்பின் பேப்பரில, அதாவது பேர் மாத்தாமக் கையெழுத்து வைச்ச பத்திரத்தோட மட்டும், பைக்கை வாங்கி முதல் சொந்தக்காரன்ர பேரில கிடக்கிற இன்சூரன்ஸோடயே ஓடுறது இன்னும் மோசம். பேரை மாத்திப்போட்டு ஓடக் குடுங்கோ.

ஈஸ்ட்ஹாமிலிருந்து:

மச்சான் சொன்னது சரி அண்ணை. இங்க லண்டனில 16 வயசில 50 சிசி மொபெட் மட்டும், அதுவும் மணிக்கு 45 கிலோமீட்டருக்கு மேல போகாதது. 17இல 125 சிசி, 11 கிலோவாட், அதாவது கிட்டத்தட்ட 15 ஹோர்ஸ் பவர். 19இல ஏ2 எண்ட லைசென்ஸ், அது 35 கிலோவாட் வரைக்கும். ஏ2 எடுத்து 2 வருசம் முடிஞ்சு டெஸ்ட் பாஸ் பண்ணினா 21இல எந்தப் பைக்கும் ஓடலாம், நேர எடுக்கிறதெண்டா 24 ஆகவேணும். 2013 ஜனவரியில இருந்து இந்த முறைதான். உங்கட மகன் கேக்கிற 160, பவர் பெரிசா இல்லாட்டியும், 125க்கு மேல எண்டபடியால இங்க 19 வயசுக்காரனுக்குத்தான்.

பெரிய பைக்கை வாங்கி ரெஸ்ட்ரிக்டர் போட்டு 35 கிலோவாட்டுக்குக் குறைச்சும் ஓடலாம், ஆனா கொம்பனியில வரேக்க அந்தப் பைக் 70 கிலோவாட்டுக்கு மேல இருக்கக்கூடாது. சிலதில அது கபுரேற்றர் வாயில போடுற ஒரு சின்ன வளையம், புதுசுகளில கொம்பியூட்டரில புரோகிராம் மாத்துறது. பெடியள் பிறகு அதைக் கழட்டிப்போட்டு ஓடுவாங்கள். கழட்டின நிமிசத்தில இருந்து லைசென்ஸும் பொருந்தாது இன்சூரன்ஸும் பொருந்தாது. இன்சூரன்ஸ் இல்லாமப் பிடிபட்டா 300 பவுண்ட் தண்டம், லைசென்ஸில 6 தண்டனைப் பொயின்ற். புதுசா லைசென்ஸ் எடுத்து 2 வருசத்துக்குள்ள 6 பொயின்ற் வந்தா லைசென்ஸே போகும், முதல்ல இருந்து துவங்கவேணும்.

இங்க இன்சூரன்ஸ் பைக்கோட போறதில்லை, ஓடுற ஆளோட போறது. சின்னாக்களுக்குப் பிரீமியம் தாங்கேலாத விலை எண்டு தேப்பன்மார் தங்கட பேரில போட்டு மகனை ரெண்டாவது ஆளாச் சேர்ப்பினம், உண்மையில தினமும் ஓடுறது மகன். அது இங்க மோசடி, கிளெய்ம் வரேக்க தெரியவந்தா ஒண்டும் கிடையாது. உங்கட பக்கம் பொலிசி வேற மாதிரி எண்டாலும் பாரத்தில "ஆர் ஓடுவினம்" எண்டு கேட்டா மகன்ர பேரையும் வயசையும் உள்ளபடி எழுதுங்கோ.

நவாலி அன்ரி:

தம்பிமார் சொன்னதை நான் அனுபவிச்சுப்போட்டு எழுதிறன். அக்கான்ர பெடியனுக்கு ஏ1 தான், டியோ எடுத்துக் குடுத்தவை, ஒருத்தரும் சிசி பாக்கேல்லை. புல் இன்சூரன்ஸும் இருந்தது. காங்கேசன்துறை வீதியில ஓட்டோ ஒண்டு திரும்பேக்க அடிபட்டு விழுந்தான், கடவுளே எண்டு கை முறிவோட போச்சு. இன்சூரன்ஸில இருந்து வந்த பெடியன் பைக்கைப் பாக்கமுதல் லைசென்ஸைத்தான் வாங்கினவன், வாங்கி மற்றப் பக்கம் திருப்பி அந்தச் சின்ன எழுத்து நிரலை விரலால தொட்டுக் கீழ கீழ பாத்தவன், பிறகு ஒண்டும் பேசாமத் திருப்பிக் குடுத்தவன். நான் பக்கத்தில நிண்டனான், அக்கா தண்ணி கொண்டுவந்து குடுத்துக்கொண்டு நிக்கிறா, அவவுக்கு ஒண்டும் விளங்கேல்லை. ரெண்டு கிழமையால இல்லை எண்டு கடிதம் வந்தது. திருத்தக் காசு முழுக்க அக்கான்ர சீட்டுக்காசு.

கோண்டாவிலான், மகன்ர அட்டையைத் திருப்பிப் பாருங்கோ தம்பி. அவ்வளவும்தான் நான் கேக்கிறது.

கோண்டாவிலான்:

எல்லாருக்கும் பெரிய நன்றி. இதை மகனையும் பக்கத்தில இருத்திவைச்சு வாசிச்சனான், வல்லை வெளிக் கதைக்குப் பேசாம இருந்தவன் அன்ரியின்ர கதைக்குத்தான் நிமிர்ந்து பாத்தவன். அவன் இன்னும் லைசென்ஸுக்கு ஓடிக் காட்டுற ட்ரயல் போகேல்லை, அப்ப ஏ எடுக்கிறதுக்கு ட்ரயலுக்குக் கொண்டுபோற பைக்கும் 100க்கு மேல இருக்கவேணுமோ? லேனர்ஸ்காரரிட்ட 100 தான் நிக்குது.

சுன்னாகம் பிட்டர்:

ஓம் அண்ணை, எந்த வகை வேணுமோ அந்த வகைப் பைக்கிலதான் ஓடிக் காட்டவேணும். 100இல எட்டுப் போட்டா ஏ1 தான் விழும். லேனர்ஸில 100க்கு மேல பைக் இல்லாட்டி வேற இடம் பாருங்கோ, காசு கட்டமுதலே கேளுங்கோ. ஏ எடுத்தாலும் முதல் ஒரு வருசம் நீங்கள் சொன்ன 100ஐயே எடுத்து ஓடவிடுங்கோ, பேந்து விக்கிறதெண்டாலும் பிளாட்டினாவுக்கு ஆள் இருக்கு. ஞாயிற்றுக்கிழமை காலமை மகனைக் கூட்டிக்கொண்டு கராச்சுப் பக்கம் வாங்கோ, பின்னால வெறுங்காணி கிடக்கு, முன் பிரேக் பிடிக்கிறதை நானே காட்டிக் குடுக்கிறன்.

கோண்டாவிலான்:

வாறம் தம்பி. ஏழு மணிக்கு நிப்பம், ரெண்டு ஹெல்மெட்டும் கொண்டு வாறம்.