புதுப்பிப்பு: அம்மாவின் மார்புப் புண் நாற்றம் அடங்கியது

மூன்று வாரத்துக்கு முன்பு கேட்டிருந்தேன்: அம்மாவுக்கு முற்றிய மார்பகப் புற்றுநோய், புண் வெடித்து வீடு முழுக்க நாற்றம், என்ன செய்வது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, நர்ஸ் அக்கா ஒருவர் சொன்ன மெட்ரோனிடசோல் யோசனைதான். காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகளால்தான் அந்த நாற்றம். இந்த மருந்து அவற்றைக் கொல்லும். டாக்டரிடம் கேட்டேன், சரி என்றார். கொதித்து ஆறிய அரை லிட்டர் நீரில் ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டுப் புண்ணைக் கழுவி, 400 மி.கி. மாத்திரையை மாவாகப் பொடித்துத் தூவி, மேலே கட்டு. தினம் ஒரு முறை. நான்காம் நாள் நாற்றம் பாதிக்கு மேல் போய்விட்டது. சாம்பிராணி மட்டும் வேண்டாம். இரண்டு வாடையும் கலந்து இன்னும் மோசமானது.

எதிர்பாராதது ஒன்று. இரண்டாம் நாள் ஒட்டியிருந்த கட்டுத்துணியை உரித்தபோது ரத்தம் கசிந்தது. பயந்தே போனேன். சுத்தத் துணியால் பத்து நிமிடம் அழுத்தியதும் நின்றது. இப்போது உப்புநீரில் நன்றாக ஊறவிட்ட பிறகே எடுக்கிறேன்.

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மூலம் நோய்த்தணிப்பு நர்ஸ் (முற்றிய நோயில் வலியையும் தொல்லையையும் குறைக்க உதவுபவர்) வீட்டுக்கே வருவார் என்று ஒருவர் எழுதியிருந்தார், அப்படியே நர்ஸ் வந்தார். கட்டு மாற்ற அரை மணி முன்பே வலி மாத்திரை கொடுக்கச் சொன்னது அவர்தான்.

அறையை விட்டு வெளியே வர மறுத்த அம்மா, நேற்று கூடத்தில் உட்கார்ந்து பேத்திக்குத் தலை பின்னிவிட்டார்.