உதவி: விம் எடிட்டரில் கீழே போனால் வண்ணம் தலைகீழாகிறது

மின்மினி:
அவசரம். நிரல் எழுதும் விம் எடிட்டரில் கோப்பைத் திறந்தவுடன் எல்லாம் சரியாக இருக்கிறது. கீழே போனால் நிரல் முழுவதும் சரத்தின் (மேற்கோளுக்குள் இருக்கும் உரையின்) நிறத்தில், சரமெல்லாம் நிரலின் நிறத்தில்! மூடித் திறந்தும் பயனில்லை. என்ன செய்வது?

கீழ்க்கோடு:
எந்த மொழி? விம்மா, அதிலிருந்து பிரிந்த நியோவிம்மா, எந்தப் பதிப்பு? கீழே போவது வரிவரியாகவா, ஒரே தாவலாகவா?

சாம்பல்:
டெர்மினல்தான். 256 நிறத்துக்கு மேல் காட்டாத டெர்மினலில் இப்படித்தான் ஆகும். டெர்ம்ஜியூஐகலர்ஸ் என்ற நிற அமைப்பை அணைத்துப் பாருங்கள்.

கீழ்க்கோடு:
நிறம் திரியவில்லை, இடம் மாறியிருக்கிறது. சரம் எது, நிரல் எது என்று டெர்மினலுக்கு எப்படித் தெரியும்?

அகரம்:
வண்ணமிட விம் எடுத்துக்கொள்ளும் நேரத்தின் வரம்பான ரீட்ராடைமைக் கூட்டுங்கள். இயல்பாக 2000 மில்லிசெகண்ட். அதைத் தாண்டினால் விம் வண்ணமிடுவதை நிறுத்திவிடும்.

பழம்பதிப்பு:
நிறுத்திவிட்டால் வண்ணமே இருக்காது ஐயா, தலைகீழாக எப்படி இருக்கும்? கேட்டவருக்கும் ஒன்று: வண்ணமிடலை எங்கிருந்து தொடங்குவது என்று விளக்க எடிட்டருக்குள்ளேயே ‘சின்-சிங்க்’ என்று உதவிப் பக்கம் இருக்கிறது. 1998இல் 5.0 பதிப்போடு விம்மில் வண்ணம் வந்தது. உதவிப் பக்கத்தைத் திறக்காமலே கேட்கும் வழக்கமும் கூடவே வந்துவிட்டது போலும்.

மின்மினி:
பைதான். விம் 9.1. தாவினால் மட்டும் கெடுகிறது, மேலிருந்து உருட்டி வந்தால் கெடுவதில்லை. வேறு நிரலை எழுதித்தரும் நிரல் இது. வார்ப்புருக்கள் மும்மேற்கோளுக்குள் (பல வரிச் சரத்தைத் திறந்து மூடும் குறி) இருக்கின்றன.

கீழ்க்கோடு:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! நடுவில் தாவினால் விம் கோப்பை முதல் வரியிலிருந்து படிப்பதில்லை. பின்னோக்கித் தேடி, வரித் தொடக்கத்திலேயே பைதானில் வரையறையைத் தொடங்கும் ‘டெஃப்’ அல்லது ‘கிளாஸ்’, அடுத்து ஒரு பெயர், அதன்பின் அடைப்புக்குறி என்று கண்டால், அங்கே எந்தச் சரமும் திறந்திருக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் வார்ப்புருவுக்குள் அப்படி ஒரு வரி நிச்சயம் இருக்கும். அதனால் சரத்தை மூடும் மும்மேற்கோள் திறக்கும் குறியாகிவிடுகிறது. அதற்குக் கீழே எல்லாம் புரண்டுவிடுகிறது.

முதலில் கட்டளை வரியில் ‘சின்டாக்ஸ் சிங்க் ஃப்ரம்ஸ்டார்ட்’ கொடுத்துப் பாருங்கள். சரியானால் அதே வரியை உங்கள் விம் அமைப்புகள் இருக்கும் இடத்தில், ஆஃப்டர் அடைவில் உள்ள சின்டாக்ஸ் அடைவுக்குள் பைதான்.விம் என்ற கோப்பில் எழுதிவிடுங்கள். விம்முடன் வரும் மூலக் கோப்பில் கைவைக்காதீர்கள், அடுத்த பதிப்பு அதை அழித்துவிடும். மிகப் பெரிய கோப்புகளில் கொஞ்சம் மந்தமாகலாம்.

நுனிக்கிளை:
இந்த ஒட்டுப்போடும் வேலையே தேவையில்லை. நியோவிம்முக்கு மாறி, நிரலைப் பகுத்துப் படிக்கும் ட்ரீசிட்டரைப் பயன்படுத்துங்கள். கோப்பு முழுவதற்கும் எது சரம், எது நிரல் என்று காட்டும் தொடரியல் மரம் இருக்கும், ஊகிக்கவே வேண்டாம்.

பழம்பதிப்பு:
ஒரு வரியில் முடிகிற வேலைக்கு எடிட்டரையே மாற்றுவதா? மொழிக்கு மொழி இலக்கணத்தைக் கம்பைல் செய்ய வேண்டும். இலக்கணம் புதுப்பிக்கப்பட்டு, எதற்கு எந்த வண்ணம் என்று சொல்லும் வினவல் கோப்பு பழையதாக இருந்தால் வண்ணத்துக்குப் பதில் பிழைச்செய்திதான் வரும்.

நுனிக்கிளை:
அது செருகுநிரலை அரைகுறையாகப் புதுப்பிப்பவர்களின் பிரச்சினை. விம் போல ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற தேடல் வடிவத்தை வைத்து ஒரு மொழியைப் பிரித்தறிய முடியும் என்று இன்னுமா நம்புகிறீர்கள்?

பழம்பதிப்பு:
மும்மேற்கோளை மூடாமல் விட்டால் உங்கள் மரம் மட்டும் என்ன செய்துவிடும்?

மின்மினி:
சரியாகிவிட்டது, நன்றி.

சாம்பல்:
எதனால் சரியானது? டெர்ம்ஜியூஐகலர்ஸை அணைத்தீர்களா?

நுனிக்கிளை:
@பழம்பதிப்பு, மூடாத மேற்கோள் பயனரின் பிழை. மூடிய மேற்கோளைத் திறந்ததாகக் காட்டுவது எடிட்டரின் பிழை. இரண்டையும் குழப்பாதீர்கள்.