பழைய டிராக்டர் கையேடு: ‘டெக்’ என்பதற்கு என்ன சொல்?

ஈசூன் மொழிபெயர்ப்பாளர்:
அன்பர்களே, வணக்கம். பெரிய புல்வெளியோடு வீடு வாங்கியிருக்கும் ஆஸ்திரேலியத் தமிழர்களுக்காக, பழைய தோட்ட டிராக்டரைப் பார்த்து வாங்குவது பற்றிய சிறு கையேடு ஒன்று கையில் இருக்கிறது. திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். இரண்டு இடத்தில் முட்டி நிற்கிறேன்.

‘லான் டிராக்டர்’, ‘கார்டன் டிராக்டர்’ இரண்டையும் எப்படிப் பிரிப்பது? முன்னது புல் வெட்ட மட்டும். பின்னதற்குச் சட்டமும் பின் அச்சும் கனம். கலப்பை பூட்டி மண்ணைக் கிளறலாம். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், முன்னதை வாங்கிக் கலப்பை பூட்டி கியர்பெட்டியைக் கெடுத்துக்கொள்வார்கள்.

அடுத்தது, வண்டியின் வயிற்றுக்கடியில் கத்திகளை மூடியிருக்கும் ‘டெக்’. பழைய வண்டியில் குனிந்து பார்க்க வேண்டிய இடம் அது. ஈரப்புல் ஒட்டி ஒட்டி உள்பக்கம் துருப்பிடித்திருக்கும். மேலே புதுப் பெயின்ட் மின்னும். ‘வெட்டுத்தளம்’ என்று எழுதியிருக்கிறேன். சரியா?

தெம்பனிஸ் ஆசிரியை:
தம்பி, வேண்டாம். நம் சிங்கப்பூர் அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கும் ‘வாய்ட் டெக்’குக்குத்தான் ‘வெற்றுத்தளம்’ என்கிறோம். சொல்வதெழுதுதலில் ‘வெட்று’ என்று எழுதும் பிள்ளைகள் என் வகுப்பில் உண்டு. ஓசை அத்தனை நெருக்கம். தவிர, தளம் என்றால் காலூன்றி நிற்கும் இடம். நீங்கள் சொல்வதோ கவிழ்த்து வைத்த சட்டி. குடைக்குக் ‘கவிகை’ என்ற பழஞ்சொல் இருக்கிறதே, அதிலிருந்து தொடங்கலாமா?

ஜூரோங் ஐயா:
ஆசிரியை சொன்ன கவிகை அருமை. ஆனால் பிழை ‘வெட்டு’ என்பதிலேயே தொடங்குகிறது. மரத்தை வெட்டுவோம். புறநானூறு 24ஆம் பாட்டில் ‘நெல் அரியும் இருந்தொழுவர்’ வருகிறார்கள். அது தாளோடு அறுப்பது. புல்லை மண்ணோடு சுரண்டினால் செதுக்குதல். தினைக் கதிரை மட்டும் எடுத்தால் கொய்தல். இந்த இயந்திரம் அடியை விட்டு நுனியை எடுக்கிறது. ஆகவே ‘கொய்கவிகை’. இத்தனை வினைகளை முன்னோர் பிரித்து வைத்திருக்க, எல்லாவற்றையும் ஒரே ‘வெட்டு’க்குள் அடைப்பது எனக்கு வலிக்கிறது. டிராக்டருக்கும் சொல் உண்டு: இழு, இழுவை, உழு, உழுவை.

கிளமெண்டி பொறியாளர்:
ஐயா, உழுவை என்றால் புலி. அதை விட்டாலும், லான் டிராக்டர் உழாது என்பதுதானே கையேட்டின் உயிர்? இலங்கையில் வழங்கும் ‘உழவு இயந்திரம்’ நல்ல சொல், ஆனால் இங்கே அதே காரணத்தால் பொருந்தாது. டிராக்டர் என்பதன் லத்தீன் வேரும் இழுத்தல்தான், இழுவை சரி. இருந்தாலும் ‘புல்தரை டிராக்டர்’, ‘தோட்ட டிராக்டர்’ என்று எழுதி, கலப்பை தாங்குமா தாங்காதா என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். வாங்குபவருக்குச் சொல்லைவிட அந்த வரி முக்கியம்.

பொங்கோல் மேற்பார்வையாளர்:
என்னிடம் புல்வெட்டும் வேலையில் இருக்கும் தம்பிகள் புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம். “அண்ணே, டெக்குல புல்லு அடைச்சுக்கிச்சு” என்பார்கள். அவர்களிடம் கொய்கவிகை என்றால் எதைக் கழுவுவது என்று தெரியாமல் நிற்பார்கள். எம்ஆர்டிக்கு வைத்த ‘பெருவிரைவு ரயில்’ இங்கே நிலைத்துவிட்டது. பெருவும் விரைவும் தெரிந்த சொற்கள், ரயிலை யாரும் தொடவில்லை. அப்படி ஒன்று வேண்டும். கூடு? கண்ணாடிக்கூடு, பேனாக்கூடு என்கிறோமே.

தெம்பனிஸ் ஆசிரியை:
கூடு நன்று. ‘கத்திக்கூடு’ மட்டும் வேண்டாம், உறை என்று பொருள்படும். ‘வெட்டுக்கூடு’?

கிளமெண்டி பொறியாளர்:
வெட்டுக்கூடு எனக்குச் சம்மதம்.

ஜூரோங் ஐயா:
கூட்டை ஏற்கிறேன், கவிகையை விட்டுவிடுகிறேன். ‘வெட்டு’ மட்டும் ஆகாது. ‘கொய்கூடு’ இரண்டெழுத்து குறைவு, பொருளும் துல்லியம். என் மறுப்பு பதிவாகட்டும்.

ஈசூன் மொழிபெயர்ப்பாளர்:
நன்றி. முதல் இடத்தில் ‘டெக் எனப்படும் வெட்டுக்கூடு’, பிறகு வெட்டுக்கூடு. ஐயா, மன்னியுங்கள், கொய்தல் என்றால் பூக்கூடைதான் என் கண்ணில் நிற்கிறது. எஞ்சின் ஓடிய நேரம் காட்டும் மீட்டருக்கு ‘மணிமானி’ என்று போட்டுவிட்டேன்.

ஜூரோங் ஐயா:
மணிமானியா? மணி என்றால் கழுத்து மணியும் உண்டு, நெல்மணியும் உண்டு. ‘ஓடுநேரமானி’ என்று வையுங்கள். அனுப்பிவிடாதீர்கள், இன்றிரவு விரிவாக எழுதுகிறேன்.